ஆலைச் சங்கும் சட்டைப் பையும்: புகைப் பழக்கத்தை எதிர்கொள்ள மிகை மெய்ம்மை

என் பெரியப்பா ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியதும் வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடைக்கு வருவார். ஒரு டீ, இரண்டு பீடி. ஓய்வுபெற்ற வருடம் நெஞ்சுவலி வந்தது. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட, பீடியை அன்றோடு விட்டார். நான்கு ஆண்டுகள் தொடவே இல்லை. பிறகு ஒருநாள், கூட வேலை பார்த்த நண்பரின் பணி நிறைவு விழாவுக்காகப் பழைய ஆலைக்குப் போனார். மாலைச் சங்கு ஊதியது. அன்று இரவு அவர் வீட்டுக்குத் திரும்பியபோது சட்டையில் பீடி வாடை.

“நாலு வருஷமா ஞாபகமே வரலை தம்பி. அந்தச் சங்கு ஊதுனதும் கை தானா சட்டைப் பைக்குப் போயிருச்சு” என்றார். பையில் பீடி இல்லை. ஆனாலும் கை போயிருக்கிறது. அதன் பிறகு கடையில் கேட்டு வாங்கியிருக்கிறார்.

இதை மனஉறுதிக் குறைவு என்று சொல்லிவிடுவது எளிது. அது நியாயமல்ல. நான்கு ஆண்டுகள் உறுதியாக இருந்த மனிதர் அவர். வீட்டுத் திண்ணையிலும் கோவில் வாசலிலும் பேருந்திலும் ஜெயித்த அவர், ஆலை வாசலில் மட்டும் தோற்றார். பழக்கம் உடம்பில் மட்டும் குடியிருப்பதில்லை, இடங்களிலும் குடியிருக்கிறது என்று உளவியல் நூறாண்டுகளாகச் சொல்லிவருகிறது. இதைச் சிகிச்சையாக மாற்றுவதற்கான கருவி மட்டும் நெடுங்காலம் கிடைக்கவில்லை. கைப்பேசிக் கேமராவில் இயங்கும் மிகை மெய்ம்மைத் தொழில்நுட்பம் அந்தக் கருவியாக அமையலாம் என்ற நம்பிக்கையில் இப்போது ஆய்வுகள் நடக்கின்றன. அந்த நம்பிக்கைக்கு என்ன ஆதாரம், அது எங்கே நிற்கிறது என்பதைப் பார்ப்போம்.

எழுபத்து மூவாயிரம் பாடங்கள்

புகையை உள்ளே இழுத்த பத்து இருபது நொடிகளில் நிக்கோட்டின் மூளையை அடைகிறது. அங்கே நரம்பணுக்களின் ஏற்பிகளில் போய் ஒட்டி, டோபமைன் சுரப்பைத் தூண்டுகிறது. “இதை நினைவில் வை, திரும்பச் செய்” என்று மூளை தனக்குத்தானே குறித்துக்கொள்ளும் வேதிப்பொருள் டோபமைன். ஒரு சிகரெட்டுக்குப் பத்து இழுப்பு என்று கொள்வோம். நாளொன்றுக்கு 20 சிகரெட் என்றால் 200 இழுப்பு, ஆண்டுக்கு 73,000. வேறு எந்தப் பாடத்தையும் மனிதர் இத்தனை முறை படிப்பதில்லை.

அந்த 73,000 முறையும் கண்ணெதிரே ஏதாவது இருந்திருக்கிறது. டீ டம்ளர், தீப்பெட்டி உரசும் ஓசை, பேருந்து நிறுத்தம், சாப்பிட்டு முடித்த இலை, சண்டை போட்டுவிட்டு நிற்கும் மொட்டைமாடி. உணவு வரும் முன் கேட்ட ஒலிக்கு நாய்கள் எச்சில் ஊறப் பழகியதை ரஷ்ய உடலியலாளர் இவான் பாவ்லோவ் காட்டினார். அதே முறையில், இந்தப் பொருள்களும் இடங்களும் நிக்கோட்டினின் முன்னறிவிப்புகளாக மாறிவிடுகின்றன. உளவியலில் இவற்றைத் தூண்டல்கள் என்கிறார்கள்.

புகையை நிறுத்தியதும் வரும் எரிச்சல், தூக்கமின்மை, கவனச் சிதறல் எல்லாம் பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரங்களில் அடங்கிவிடும். நிக்கோட்டின் பட்டை, சூயிங்கம், வரெனிக்ளின் மாத்திரை ஆகியவை இந்தக் கட்டத்தைக் கடக்க நன்றாகவே உதவுகின்றன. தூண்டலால் எழும் வேட்கை அப்படி அடங்குவதில்லை. புகையை நிறுத்தியவர்களுக்குச் சிகரெட் சார்ந்த பொருள்களைக் காட்டி அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2011-இல் வெளியானது. நிறுத்தி ஒரு வாரம் ஆனவர்களைவிட 35 நாள் ஆனவர்களுக்கு அந்தப் பொருள்கள் எழுப்பிய வேட்கை அதிகமாக இருந்தது. உடம்பு அமைதியாகிக்கொண்டிருக்கும் அதே நாட்களில் நினைவு கூர்மையாகிக்கொண்டிருக்கிறது. எந்த உதவியும் இல்லாமல் நிறுத்த முயல்பவர்களில் ஆறு மாதமோ ஒரு வருடமோ தாக்குப்பிடிப்பவர்கள் 3 முதல் 5 சதவீதம் பேர்தான் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இடத்தின் வலிமையைக் காட்டும் மிகப் பெரிய சான்று வேறொரு போதைப் பொருளிலிருந்து வருகிறது. வியட்நாம் போரிலிருந்து 1971-இல் திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களைச் சமூகவியலாளர் லீ ராபின்ஸ் ஆராய்ந்தார். அங்கே இருந்தபோது ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஹெராயின் உள்ளிட்ட அபினி வகைப் பொருள்களுக்கு அடிமையாகியிருந்தார். ஊருக்குத் திரும்பிய முதல் ஆண்டில், அப்படி அடிமையாகியிருந்தவர்களில் மீண்டும் அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம் மட்டுமே. இதற்குப் பல காரணங்கள் சொல்லப்பட்டன. போர்க்களம், முகாம், கூட்டாளிகள், கையெட்டும் தூரத்தில் கிடைத்த பொருள் ஆகிய எல்லாத் தூண்டல்களையும் கடலுக்கு அப்பால் விட்டுவிட்டு வந்தார்கள் என்பது அவற்றுள் முக்கியமானது. சிகரெட் பிடிப்பவருக்கு இந்த வாய்ப்பு இல்லை. அவருடைய முகாம் அவர் வீட்டுத் தெருமுனையிலேயே இருக்கிறது.

மருத்துவமனைக்குள் ஜெயித்து, வாசலில் தோற்ற சிகிச்சை

தூண்டலை நிக்கோட்டின் இல்லாமல் திரும்பத் திரும்பச் சந்தித்தால் அதன் வலிமை குறையும். மணி ஒலித்தும் உணவு வராவிட்டால் நாய்க்கு எச்சில் ஊறுவது மெல்ல நின்றுபோகும். இந்த அடிப்படையில் பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஒரு சிகிச்சை உருவானது. சிகிச்சை அறையில் மேசைமேல் சிகரெட்டை வைப்பார்கள், லைட்டரைக் கையில் கொடுப்பார்கள், பற்றவைக்க விடமாட்டார்கள். வேட்கை ஏறி, உச்சம் தொட்டு, இறங்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும்.

அறைக்குள் இது பலித்தது, வெளியே பலிக்கவில்லை. சிந்தியா காங்க்ளினும் ஸ்டீபன் டிஃபானியும் போதைப் பழக்கங்களுக்கான இவ்வகைச் சிகிச்சைகளை 2002-இல் திறனாய்வு செய்து, அவை பயன் தந்ததற்கு உறுதியான சான்று இல்லை என்று முடிவுகட்டினார்கள். ஆனால் அவர்கள் கோட்பாட்டைத் தூக்கியெறியவில்லை, செய்முறையிலிருந்த பிழையைச் சுட்டிக்காட்டினார்கள்.

அந்தப் பிழையைப் புரிந்துகொள்ள வெர்மான்ட் பல்கலைக்கழக உளவியலாளர் மார்க் பௌட்டனின் ஆய்வுகள் உதவுகின்றன. எலிகளைக் கொண்டு 1970-களின் இறுதியிலிருந்து அவர் காட்டிவந்தது இதுதான்: தணிந்த பழக்கம் அழிந்துபோவதில்லை. பழைய பாடத்தின்மேல் புதிய பாடம் ஒன்று எழுதப்படுகிறது, அவ்வளவே. பழைய பாடம் எல்லா இடங்களிலும் செல்லுபடியாகும், புதிய பாடமோ கற்ற இடத்திலேயே தங்கிவிடும். ஒரு கூண்டில் அச்சத்தைப் பழக்கி, வேறு கூண்டில் அதைத் தணித்து, மறுபடி முதல் கூண்டில் விட்டால் எலிக்கு அச்சம் திரும்பிவிடுகிறது. மனிதருக்கும் அப்படித்தான். “சிகரெட் இருந்தாலும் பிடிக்க வேண்டியதில்லை” என்ற பாடம் மருத்துவமனை அறையோடு ஒட்டிக்கொண்டது. டீக்கடைக்கு அது வரவே இல்லை.

அப்படியானால் சிகிச்சை டீக்கடைக்கே போக வேண்டும். எந்த மருத்துவர் போவார்? எத்தனை பேருடன், எத்தனை கடைக்குப் போவார்?

செயற்கை உலகத்தின் எல்லை

முதலில் முயன்று பார்த்தது மெய்நிகர் தொழில்நுட்பம். கண்ணை முழுதாக மூடும் கருவியை மாட்டிக்கொண்டு, கணினி வரைந்த மதுக்கூடத்திலோ விருந்திலோ உலாவலாம். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 91 பேரைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 2009-இல் வெளியானது. ஒரு குழுவினர் கணினி உலகில் சிகரெட்டுகளைத் தேடிப் பிடித்துக் கையால் நசுக்கினார்கள், மறுகுழுவினர் பந்துகளைப் பிடித்தார்கள். வாரம் ஒருமுறை வீதம் நான்கு அமர்வுகள். பன்னிரண்டாம் வாரத்தில் நசுக்கியவர்களில் 15 சதவீதத்தினர் புகையிலிருந்து விலகியிருந்தனர், பந்து பிடித்தவர்களில் 2 சதவீதத்தினரே. சிறிய ஆய்வுதான் என்றாலும் ஊக்கமளித்தது.

ஆனால் ஸ்பெயினின் ஒவியேதோ பல்கலைக்கழகக் குழு 2019-இல் வெளியிட்ட பரிசோதனை வேறு விதமாக முடிந்தது. வழக்கமான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையுடன் மெய்நிகர்த் தூண்டல் பயிற்சியைச் சேர்த்தும், புகையை விடுபவர்களின் எண்ணிக்கை கூடவில்லை. பௌட்டனின் எலிக்கூண்டை நினைத்துப் பார்த்தால் இது வியப்பல்ல. மெய்நிகர் மதுக்கூடமும் ஓர் அந்நியக் கூண்டுதான். எவ்வளவு அழகாக வரைந்தாலும் அது என் பெரியப்பாவின் ஆலை வாசல் ஆகாது.

உங்கள் மேசை, இல்லாத சிகரெட்

மிகை மெய்ம்மை இதற்கு நேர் எதிரானது. உலகத்தை அது மறைப்பதில்லை, உலகத்தின்மேல் ஒரு பொருளை மட்டும் சேர்க்கிறது. கைப்பேசியின் கேமரா மேசையின் பரப்பைக் கண்டுகொள்கிறது. உள்ளேயுள்ள அசைவுணரிகள் கை எவ்வளவு சாய்ந்தது, நகர்ந்தது என்று கணக்கெடுக்கின்றன. அறை வெளிச்சத்துக்கு ஏற்ப, சேர்த்த பொருளின் ஒளியும் சரிசெய்யப்படுகிறது. நீங்கள் மேசையைச் சுற்றி நடந்தாலும் அந்தப் பொருள் அதே இடத்தில் இருப்பதாகத் திரையில் தெரியும். போயிங் விமான நிறுவனத்தின் பொறியாளர் டாம் காடெல் 1990-களின் தொடக்கத்தில் இதற்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்தார். 2016-இல் போக்கிமான் கோ விளையாட்டு இதைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு ஆப்பிளும் கூகுளும் இதற்கான மென்பொருள் கட்டமைப்புகளை அறிமுகப்படுத்தியதும், சாதாரணக் கைப்பேசியே போதும் என்றாயிற்று.

மனநலச் சிகிச்சையில் இதற்கு முன்னோடி உண்டு. கரப்பான்பூச்சிக்கும் சிலந்திக்கும் அஞ்சி நடுங்குபவர்களுக்கு, அவர்கள் கைவைத்திருக்கும் மேசைமேலேயே அந்தப் பூச்சிகள் ஊர்வதாகக் காட்டும் முறையை ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்டார்கள். ஒரே அமர்வுக்குப் பின் அவர்களால் உண்மையான பூச்சியை நெருங்க முடிந்தது. திரையில் இருப்பது பொய் என்று அறிவுக்குத் தெரிந்திருந்தும் உடம்பு அதை மெய்யாகவே எடுத்துக்கொண்டது.

புகைப் பழக்கத்தில் இதைக் கையிலெடுத்தவர்கள் அமெரிக்காவில் பிளாரிடா மாநிலத்தின் டாம்பா நகரிலுள்ள மொஃபிட் புற்றுநோய் மையத்தினர். கிறிஸ்டின் வின்சி, தாமஸ் பிராண்டன் ஆகியோர் உள்ள குழு, புகை சார்ந்த ஆறு காட்சிகளையும் புகைக்குத் தொடர்பில்லாத ஆறு காட்சிகளையும் உருவாக்கியது. அவற்றைப் புகைப்பவர்களிடம் காட்டி, “உண்மைபோல் இருக்கிறதா, உங்கள் அறையிலேயே இருப்பதுபோல் தோன்றுகிறதா?” என்று கேட்டுக் கேட்டுத் திருத்தினார்கள். இந்தப் பணி 2020-இல் வெளியானது. அடுத்து, இந்தக் காட்சிகள் வேட்கையை எழுப்புகின்றனவா என்று சோதித்தார்கள். சாதாரணப் பொருள்களைவிடச் சிகரெட் காட்சிகள் தெளிவாகவே அதிக வேட்கையைக் கிளப்பின.

வேட்கையைக் கிளப்பியது எப்படி வெற்றியாகும் என்று வாசகர் கேட்கலாம். இந்தச் சிகிச்சையின் நுழைவாயிலே அதுதான். எழாத வேட்கையைத் தணிக்க முடியாது. திரையில் தெரியும் சிகரெட்டைக் கண்டு உடம்பு ஏமாறினால்தான், “ஏமாறினாய், புகை வரவில்லை, ஆனாலும் ஒன்றும் ஆகவில்லை” என்ற புதிய பாடத்தை அதற்குக் கற்றுத்தர முடியும்.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். காலை டீ முடிந்திருக்கிறது. வழக்கமாகப் பற்றவைக்கும் நேரம். கைப்பேசியை எடுத்து மேசையைப் பார்க்கிறீர்கள். உங்கள் டம்ளருக்குப் பக்கத்தில், உங்கள் செய்தித்தாளின்மேல் ஒரு சிகரெட் புகைந்துகொண்டிருக்கிறது. வேட்கை நூற்றுக்கு எவ்வளவு என்று திரை கேட்கிறது. எண்பது என்கிறீர்கள். பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள். வாய் ஊறுகிறது, விரல் பரபரக்கிறது, சில நிமிடங்களில் மெல்ல இறங்குகிறது. மறுபடி எண் கேட்கிறது. ஐம்பது. மாலையில் பேருந்து நிறுத்தத்தில் மீண்டும். நாளை அலுவலகப் படிக்கட்டில். ஒவ்வொரு முறையும் பாடம் பழைய பாடம் எழுதப்பட்ட அதே இடத்திலேயே எழுதப்படுகிறது. மருத்துவமனை அறைச் சிகிச்சை தரமுடியாததை இது தரக்கூடிய இடம் இதுதான்.

இதற்குத் துணைசெய்யும் இன்னொரு ஆய்வுப் போக்கும் உண்டு. வேட்கை என்பது பெரும்பாலும் மனக்கண்ணில் ஓடும் படம் என்கிறார் இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழக உளவியலாளர் ஜாக்கி ஆண்ட்ரேட். சிகரெட்டின் வெண்மை, புகையின் சுழல், விரலிடுக்கின் சூடு எல்லாம் மனத்திரையில் விரிகின்றன. கண்ணுக்கு வேறு வேலை கொடுத்தால் அந்தப் படம் மங்க வேண்டும். 2015-இல் வெளியான ஆய்வில் அவருடைய குழு, ஒரு வாரம் அன்றாட வாழ்க்கைக்கு நடுவே மாணவர்களை மூன்று நிமிடம் டெட்ரிஸ் விளையாடச் செய்தது. நூற்றுக்கு 70 என்றிருந்த வேட்கை 56-க்கு இறங்கியது. மிகை மெய்ம்மை இந்த வேலையையும் செய்ய வல்லது. திரையில் தோன்றும் சிகரெட்டை நசுக்கலாம், தொட்டியில் எறியலாம், அது செடியாக மாறுவதைப் பார்க்கலாம். எதிர்கொள்வதும் திசைதிருப்புவதும் வேறுவேறு உத்திகள் என்பதை மட்டும் வடிவமைப்பவர்கள் மறக்கக் கூடாது. வேட்கை ஏறும் முன்பே விளையாட்டில் மூழ்கிவிட்டால், தணிதல் என்ற பாடம் நடக்காமலே போகும்.

நம் ஊருக்கு வேண்டிய காட்சிகள்

டாம்பாவில் உருவான காட்சிகளை அப்படியே இங்கே கொண்டுவந்து இறக்க முடியாது. இந்தியாவில் 2016–17-இல் நடந்த வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, 28.6 சதவீதம் பேர் ஏதோவொரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துகிறார்கள். புகைப்பவர்கள் 10.7 சதவீதம். பீடி பிடிப்பவர்கள் 7.7 சதவீதம் என்றால் சிகரெட் பிடிப்பவர்கள் 4 சதவீதம்தான். பளபளப்பான பாக்கெட்டும் உலோக லைட்டரும் நம்மில் பெரும்பான்மையோருக்குத் தூண்டலே அல்ல. பெட்டிக்கடை ஓரத்தில் புகைந்தபடி தொங்கும் கயிறு, நூலில் கட்டிய லைட்டர், பாட்டிலிலிருந்து உதிரியாக எடுத்துத் தரும் ஒற்றைச் சிகரெட், ஒரு முனை கருகி மறுபடி பற்றவைக்கக் காத்திருக்கும் துண்டு பீடி, இவைதான் இங்குள்ள தூண்டல்கள். சங்கொலிபோல் ஓசைகளும் வேண்டும். புகையிலையை மெல்லுபவர்களுக்கோ வேறு காட்சிகளே தேவைப்படும்.

அதே கணக்கெடுப்பில், புகைப்பவர்களில் 55.4 சதவீதம் பேர் விட்டுவிடத் திட்டமிடுவதாக அல்லது அதைப் பற்றி யோசிப்பதாகச் சொன்னார்கள். விருப்பம் இருக்கிறது. உதவிதான் சென்று சேரவில்லை. பீடி பிடிக்கும் கூலித் தொழிலாளி கையில் எந்த விலைக் கைப்பேசி இருக்கிறதோ, அதில் ஓடுவதாக இந்தச் செயலி இருக்க வேண்டும். இணையம் இல்லாத இடத்திலும் இயங்க வேண்டும். எழுத்தை நம்பாமல் தமிழில் பேச வேண்டும்.

நிரூபிக்க வேண்டியவை

நம்பிக்கையோடு எழுதினாலும் அளவு மீறிச் சொல்லக் கூடாது. வேட்கை எழுகிறது என்பது நிரூபணமாகியிருக்கிறது. பழக்கம் ஒழிகிறது என்பதற்கு வேறு தரமான சான்று வேண்டும். பங்கேற்பாளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஆறு மாதமாவது தொடர்ந்து கவனித்து, வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல் மூச்சில் கார்பன் மோனாக்சைடு அளந்து பார்ப்பதே இத்துறையில் ஏற்கப்பட்ட அளவுகோல். கியூபெக்கில் துளிர்த்த நம்பிக்கை ஒவியேதோவில் வாடியதை மறந்துவிடக் கூடாது.

ஆபத்துகளும் உண்டு. வேட்கையைக் கிளப்பும் கருவி, பெட்டிக்கடைக்குப் பக்கத்தில் நிற்பவர் கையில் இருக்கிறது. வேட்கை உச்சத்தில் இருக்கும்போது செயலியை மூடிவிட்டு அவர் கடைக்குள் நுழைந்தால், நாமே அவரைத் தள்ளிவிட்டவர்கள் ஆவோம். வேட்கை இறங்கும்வரை உடனிருந்து பேசும் ஏற்பாடு இல்லாமல் இதை யாருக்கும் கொடுக்கக் கூடாது. இன்னொன்று, யார் எந்த இடத்தில், எந்த நேரத்தில், எவ்வளவு பலவீனமாகிறார் என்ற துல்லியமான குறிப்பு இந்தச் செயலியில் சேர்ந்துகொண்டே இருக்கும். புகையிலை விற்பவருக்கு இதைவிட விலைமதிப்புள்ள தகவல் வேறில்லை. நோயாளியின் மருத்துவக் குறிப்பைக் காப்பதுபோல் இதையும் சட்டம் காக்க வேண்டும்.

மருந்துக்கும் ஆலோசனைக்கும் இது மாற்றல்ல. நிக்கோட்டின் இழப்பால் உடம்பு படும் பாட்டை மருந்து பார்த்துக்கொள்ளும். இடம் கற்றுத்தந்ததை இடத்திலேயே மறுத்துப் பேசும் வேலை மட்டும்தான் இதனுடையது. இன்றே உதவி வேண்டுபவர்களுக்கு 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண் இருக்கிறது, கட்டணம் இல்லை.

என் பெரியப்பா அந்தச் சறுக்கலோடு நின்றுவிடவில்லை. ஒரு மாதம் கழித்துப் பெரியம்மாவை அழைத்துக்கொண்டு மறுபடியும் ஆலை வாசலுக்குப் போனார். சங்கு ஊதும் நேரமாகப் பார்த்துத்தான் போனார். டீக்கடையில் இருவரும் டீ குடித்தார்கள். கை சட்டைப் பைக்குப் போனபோது பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லையாம், டம்ளரை மட்டும் அந்தக் கையில் கொடுத்தாராம். பல வாரங்கள் இப்படிப் போய்வந்தார்கள். தூண்டலை எதிர்கொள்ளும் சிகிச்சை என்ற சொல்லை இருவரும் கேள்விப்பட்டதில்லை. எந்த இடத்தில் தோற்றாரோ அந்த இடத்திலேயே, பக்கத்தில் ஒருவர் இருக்க, பீடி இல்லாமல் டீயைக் குடித்து முடிக்க வேண்டும் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கைப்பேசித் திரைக்குள் கொண்டுவர ஆய்வாளர்கள் முயல்வது அந்த மாலை நேரத்தைத்தான். அதில் சிகரெட்டை வரைவது எளிய பாதி. டம்ளரை எடுத்துக் கையில் கொடுக்கும் மனிதருக்கும் அதில் இடம் வைக்க வேண்டும்.